ரயிலில் இடம் தீரும், விமானத்தில் விலை ஏறும்: டெல்லிக்கு எதில் போவது?

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பேச்சு வந்துவிடும். தம்பி குடும்பத்தோடு டெல்லியில் இருக்கிறான், அம்மா சென்னையில் என்னோடு இருக்கிறார், அங்கே குளிர் குறைந்ததும் கிளம்பிப் போய் ஒரு மாதம் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருவார். "ஃப்ளைட்ல ஏத்தி விடுக்கா, மூணு மணி நேரத்துல வந்துடுவாங்க" என்பான் தம்பி. "முறுக்கு, அதிரசம், ஊறுகாய், இட்லி அரிசி பத்து கிலோ, இதையெல்லாம் யாரு ஏரோப்ளேன்ல ஏத்துவா, நான் ரயில்லயே போறேன்" என்பார் அம்மா. டிக்கெட் போடுகிற வேலை மட்டும் எப்போதும் என் தலையில்.

இப்படிப் பல வருஷமாக ரயிலையும் விமானத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. எது வேகம், எது மலிவு என்ற இரண்டு கேள்விகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டுக்குமான பதில் நாளுக்கு நாள், ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் இருப்பது இந்த இரண்டும் தங்கள் இடத்தை விற்கும் முறை. ரயிலில் கட்டணம் ஏறக்குறைய அப்படியே நிற்கும், இடம்தான் தீர்ந்துபோகும். விமானத்தில் பெரும்பாலும் கடைசி நாள் வரை இடம் இருக்கும், விலைதான் ஏறிக்கொண்டே போகும். இதைப் புரிந்துகொண்டால், நீங்கள் போக வேண்டும் என்பது உங்களுக்கு எத்தனை நாள் முன்பே தெரியும் என்பதை வைத்தே பாதி முடிவை எடுத்துவிடலாம்.

முதலில் நேரத்தைப் பார்த்துவிடலாம், அதில்தான் நிறையப் பேர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள்.

சென்னையிலிருந்து டெல்லி ரயில் பாதையில் கிட்டத்தட்ட 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ராத்திரி 10 மணிக்கு சென்ட்ரலை விட்டால் மறுநாள் முழுக்க ஓடி, அதற்கடுத்த நாள் காலை ஆறரை மணி வாக்கில் புது டெல்லி போய்ச் சேரும். ஏறக்குறைய 33 மணி நேரம். ராஜதானி இன்னும் சீக்கிரம் போகும், அதுவும் 28 மணி நேரம் எடுக்கும், வாரத்தில் இரண்டே நாள்தான் உண்டு. விமானம் மூன்று மணி நேரத்துக்குள் இறக்கிவிடும். வீட்டிலிருந்து விமான நிலையம், பாதுகாப்புச் சோதனை, அந்தப் பக்கம் பெட்டிக்குக் காத்திருப்பது, எல்லாவற்றையும் சேர்த்து ஏழு மணி நேரம் என்று வைத்தாலும் விமானத்துக்குப் பக்கத்தில் ரயில் வர முடியாது. இந்த வழித்தடத்தில் நேரத்தைப் பற்றி விவாதிக்கவே ஒன்றுமில்லை.

ஆனால் இதே கணக்கை மதுரைக்குப் போட்டுப் பாருங்கள். காலை 7 மணி விமானம் என்று வையுங்கள். உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி போடும் கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதால் ஐந்தரைக்குள் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும், அதற்கு நாலே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், அதற்கு நாலு மணிக்கு முன்பே எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்கத் தவறிவிடுவோமோ என்ற பயத்தில் ராத்திரியே சரியாகத் தூக்கம் வராது. எட்டேகாலுக்கு மதுரையில் இறங்கி, பெட்டியை எடுத்து, ஊருக்கு வெளியே இருக்கும் விமான நிலையத்திலிருந்து டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போகும்போது ஒன்பதேகால். இந்த ஐந்தரை மணி நேரமும் விழித்திருந்த நேரம், போதாததற்கு அரை ராத்திரித் தூக்கமும் போயிருக்கும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் என்றால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குக் கிளம்பி, எழும்பூரில் ஏறி, பெட்ஷீட்டை விரித்துப் படுத்தால் விடியும்போது மதுரை, ஆறரை மணிக்கு வீட்டில் காபி. மொத்தம் பத்து மணி நேரம் ஆகிறதுதான். அதில் ஆறேழு மணி நேரம் எப்படியும் தூங்கப்போகிற நேரம். விழித்திருந்து இழந்தது மூன்று, மூன்றரை மணி நேரம்தான்.

ஆக, தூரத்தைவிட ராத்திரிதான் இங்கே முக்கியம். பயணம் ஒரு ராத்திரிக்குள் அடங்கினால் ரயில் கிட்டத்தட்ட எப்போதும் ஜெயிக்கும். கோவைக்கு சேரன், தூத்துக்குடிக்கு முத்துநகர், ஹைதராபாத்துக்கு சார்மினார் எல்லாம் அந்த வகை. மும்பை - டெல்லி ராஜதானியைப் பாருங்கள். 1,386 கிலோமீட்டரை 16 மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது, மாலையில் ஏறி மறுநாள் காலை எட்டரை மணி சுமாருக்கு இறங்கலாம், அதனால்தான் அந்த வழியில் அத்தனை விமானங்கள் பறந்தும் அந்த ரயிலுக்கு மவுசு குறையவில்லை. சென்னை - மும்பை அதைவிட நூறு கிலோமீட்டர் குறைவு, சுமார் 1,280தான். ஆனால் நல்ல ரயிலே இருபது மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது. எப்போது ஏறினாலும் ஒரு முழுப் பகல் கரைந்துவிடும். என்னைக் கேட்டால் ரயிலுக்கு ரொம்பச் சங்கடமான தூரம் இதுதான். டெல்லி போல இரண்டு ராத்திரி ஆகும் பயணத்துக்காவது மனசைத் தயார்படுத்திக்கொண்டு ஏறுகிறோம், இதில் அதுவும் இல்லை.

வந்தே பாரத் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. சென்னை - கோவை ரயில் 2023 ஏப்ரலில் வந்தது, ஆறு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. அதே வருஷம் செப்டம்பரில் வந்த திருநெல்வேலி ரயில் எட்டு மணி நேரத்துக்குள். அந்த வண்டிகள் 180 கிலோமீட்டர் வேகத்துக்குக் கட்டப்பட்டவை. நம் பக்கத்துப் பாதைகளும் சிக்னலும் 110-லிருந்து 130 வரைதான் அனுமதிக்கின்றன, அதனால் வண்டியின் முழுத் திறமையை நாம் இன்னும் பார்க்கவில்லை. பாதையையும் சேர்த்து மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. டோக்கியோவிலிருந்து ஒசாகா 515 கிலோமீட்டர், நம் சென்னை - கோவையைவிடக் கொஞ்சம் அதிகம், ஷின்கான்சென் அதை இரண்டரை மணி நேரத்தில் முடிக்கிறது. அங்கே அந்தத் தூரத்துக்கு விமானம் ஏறப் பெரிய காரணம் வேண்டும்.

சரி, இப்போது இடத்துக்கும் விலைக்கும் வருவோம்.

ரயில் டிக்கெட் ஏன் இவ்வளவு மலிவு, ஏன் கிடைக்கவே மாட்டேன் என்கிறது என்ற இரண்டுக்கும் ஒரே வேர்தான். பயணிகளிடம் ரயில்வே வாங்குவது செலவைவிடக் குறைவு. 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம் என்று ரயில்வே அமைச்சர் 2024-ல் நாடாளுமன்றத்தில் சொன்னார். மிச்சத்தில் பெரும்பகுதியை நிலக்கரி, சிமென்ட், இரும்பு ஏற்றிப்போகும் சரக்கு ரயில்களின் வருமானம் தாங்குகிறது. அதனால்தான் 2,180 கிலோமீட்டரை ஸ்லீப்பரில் ஆயிரம் ரூபாய்க்குள், தேர்ட் ஏசியில் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கடக்க முடிகிறது. சரக்கு மூலம் கூலித் தொழிலாளியின் பயணத்துக்குக் கை கொடுப்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் விலை ஏறாமல் நின்று, கேட்பவர்கள் மட்டும் பெருகினால் என்ன ஆகும்? வரிசை வரும். யார் முந்திக்கொண்டார்கள் என்பதே பங்கீட்டு முறையாகிவிடும்.

அந்த வரிசையின் தலை, பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணி. 2024 அக்டோபர் 31 வரை இது 120 நாளாக இருந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் ஊருக்குப் போகிற ரயில்களில் அந்த எட்டு மணிக்கும் எட்டு ஐந்துக்கும் நடுவில் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் தெரியும். பயணிகள் பெயர்களை முன்கூட்டியே சேமித்து வைத்து, பணம் கட்டும் வழியையும் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்கூட சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் நின்று பக்கம் திறக்கும்போது வெயிட்டிங் லிஸ்ட் 84 என்று காட்டும். ஏஜென்ட்டுகளின் தில்லுமுல்லைக் குறைக்க 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு கட்டாயம், அக்டோபரிலிருந்து சாதாரண முன்பதிவு திறக்கும் நேரத்துக்கும் அப்படியே. இதைச் செய்து வைக்காதவர்கள் இன்றைக்கே செய்துவிடுங்கள். எட்டு மணிக்கு உட்கார்ந்து ஓடிபி தேடிக்கொண்டிருக்க முடியாது.

வெயிட்டிங் லிஸ்ட் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. ரயில் கிளம்பும் ஊரிலோ அதற்குப் பக்கத்திலோ ஏறி, சேரும் ஊர் வரையோ அதற்கு அருகிலோ போகிறவர்களுக்குக் கிடைப்பது ஜிஎன்டபிள்யூஎல் என்ற பொது வரிசை. பெர்த்துகளில் பெரிய பங்கு அதற்குத்தான், ரத்தாகிற டிக்கெட்டும் அதில்தான் அதிகம், அதனால் இருபது, முப்பதில் இருப்பதுகூட நகர்ந்து உறுதியாகிவிடும். நடுவில் ஏறி நடுவில் இறங்குகிறவர்களுக்குச் சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்த வேறு வரிசைகள், அங்கே 8 என்ற எண்கூட அப்படியே கல்லாக நிற்கும். தட்கல் வெயிட்டிங் அதைவிட மோசம். இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஏறும் ஊருக்கு முந்தைய பெரிய ஊரிலிருந்தே டிக்கெட் எடுத்துவிட்டு, போர்டிங் ஸ்டேஷனை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். கொஞ்சம் காசு கூட ஆகும், விதிப்படி அது சரியான வழிதான். ஆனால் மாற்றிய பிறகு பழைய ஊரில் போய் ஏற முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆர்ஏசி கிடைத்தால் பக்கவாட்டு கீழ் பெர்த்தில் இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து போக வேண்டும். மதுரைக்கு என்றால் எப்படியோ போய்விடலாம். டெல்லிக்கு ஆர்ஏசியில் 33 மணி நேரம் போவதற்கு நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன், வயசானவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன்.

ரயில்வேயும் விமானக் கம்பெனிகளைப் பார்த்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறது. 2016 செப்டம்பரிலிருந்து ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் பத்து சதவீத இடம் விற்றதும் அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் ஏறும், 1.4 மடங்கு வந்ததும் நின்றுவிடும். பிரீமியம் தட்கல் அதைவிட மேலே போகும். அதனால் கடைசி நேரத்தில் ராஜதானி செகண்ட் ஏசிக்குக் கேட்கும் பணம் சில நாட்களில் விமானத்துக்குச் சமமாகவே வந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் ஒரு நிமிடம் நின்று இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

விமானத்தின் கதை வேறு. ஒரு ஏர்பஸ் ஏ320-ல் 180 இருக்கைகள் என்று வையுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கைகள்தான், ஆனால் கம்பெனியின் கணினியில் அவை பல விலைக் கட்டுகளாகப் பிரிந்து கிடக்கும். மலிவான கட்டில் கொஞ்சம், அதற்கு மேல் விலையில் கொஞ்சம், இப்படியே படிப்படியாக. கீழ்க் கட்டு விற்றுத் தீர்ந்ததும் அடுத்தது திறக்கும், நாள் நெருங்கினால் விற்காத மலிவுக் கட்டைக்கூட மூடிவிடுவார்கள். ஏனென்றால் கடைசி இரண்டு நாளில் தேடுகிறவர்கள் எப்படியும் போய்த்தான் ஆக வேண்டியவர்கள், அலுவலகப் பயணமோ ஆஸ்பத்திரியோ சாவு வீடோ, எவ்வளவு சொன்னாலும் கொடுப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. இதில் உபயோகமான ஒரு விஷயம் உண்டு. நாலு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவுக் கட்டில் இரண்டு இடம்தான் மிச்சம் இருந்தால், நாலு பேருக்குமே அடுத்த கட்டு விலையைத்தான் பல தளங்கள் காட்டும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்து விலை குறைவாக வந்தால், இரண்டு இரண்டாகப் பிரித்து எடுங்கள். நான் ஒரு தடவை இப்படிச் செய்து இரண்டாயிரத்துக்கு மேல் மிச்சம் பிடித்திருக்கிறேன்.

விலை ஏறும்போது எரிச்சல் வராமல் இருக்காது, எனக்கும் வரும். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, டெல்லியில் இருந்த பெரியப்பா தவறிவிட்டார் என்று போன் வந்தது. மறுநாள் மதியம் எடுத்துவிடுவார்கள். அந்த நேரத்துக்கு எந்த ரயிலும் உதவாது, தட்கல் திறப்பதே மறுநாள் காலை பத்து மணிக்கு, அதில் ஏறினாலும் சனிக்கிழமைதான் போய்ச் சேர முடியும். காலை ஐந்தரை மணி விமானத்தில் இரண்டு இருக்கை இருந்தது, தலைக்குப் பதினாலாயிரம். அம்மா தன் அலமாரியைத் திறந்து புடவைக்கு அடியில் வைத்திருந்த பணத்தை எடுத்து என் கையில் திணித்தார், கார்டில் போட்டுவிட்டேன் என்று சொன்னாலும் கேட்கவில்லை. பத்தரை மணிக்கெல்லாம் பெரியப்பாவின் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு இருக்கைகள் அந்த விலையில் இருந்ததால்தான் எங்களுக்கு முன் வேறு யாரும் எடுக்காமல் மிஞ்சியிருந்தன என்பது அப்புறம் யோசிக்கும்போதுதான் புரிந்தது. விலை ஏற்றத்தை நான் ஆதரித்துப் பேசவில்லை, பதினாலாயிரம் இல்லாத வீட்டில் அன்றைக்கு என்ன செய்திருப்பார்கள் என்பதும் என் மனசில் இருக்கிறது. ரயிலில் காசு குறைவு, ஆனால் அவசரத்துக்கு வழி குறைவு; விமானத்தில் வழி இருக்கிறது, காசுள்ளவருக்கு மட்டும்.

இந்த இரண்டு முறைகளும் ஒன்றோடொன்று மோதிய நாட்களை 2025 டிசம்பரில் நாடே பார்த்தது. விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டும் புதிய விதிகளுக்கு ஏற்ற ஆட்களைத் தயார் செய்து வைக்காததால் இண்டிகோ சில நாட்களில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேல் ஏற்றிச்செல்லும் கம்பெனி அது, அதனால் மற்ற கம்பெனிகளின் டிக்கெட் விலை தாறுமாறாக ஏறியது. கடைசியில் அரசு தலையிட்டு 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று உச்சவரம்பு போட வேண்டியிருந்தது. அதே நாட்களில் ரயில்வே நாடு முழுக்கப் பல ரயில்களில் கூடுதல் பெட்டிகளை மாட்டியது. இது ரயிலால்தான் முடியும். ஒரு தேர்ட் ஏசி பெட்டியில் 72 பேர், ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் 80 பேர், இரண்டு பெட்டியும் ஒரு பெட்டியில் கொஞ்சமும் சேர்ந்தால் ஒரு விமானம். ஒரு முழு ரயில் ஆறேழு விமானத்துக்குச் சமம். ஒரு கம்பெனி இருமினால் ஒரு துறைக்கே காய்ச்சல் வருகிற நிலைமை எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது, ரயிலைப் பலப்படுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

நேரத்துக்குப் போகுமா என்று கேட்டால் இரண்டையும் முழுசாக நம்ப முடியாது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டெல்லிப் பக்கம் மூடுபனி இறங்கினால் ரயில்கள் ஆறு, எட்டு மணி நேரம் தாமதமாவது சர்வசாதாரணம், விமானங்களும் வரிசையாகத் தள்ளிப்போகும். நம் பக்கத்தில் மழை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையில் தண்ணீர் நின்று சேவை நின்றது. அதே மாதம் தென் மாவட்ட வெள்ளத்தில் திருச்செந்தூர் - சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாள் அங்கேயே தவித்தார்கள், சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள்தான் சமைத்துப் போட்டார்கள். மாட்டிக்கொண்டால் என்ன உரிமை இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஏறும் இடத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் செய்யாமல், ரயில் கிளம்புவதற்குள் இணையத்தில் டிடிஆர் என்ற விண்ணப்பம் போட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். விமானத்தைக் கம்பெனியே தன் காரணத்தால் முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், அதோடு பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000-லிருந்து 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. வானிலை காரணம் என்றால் இழப்பீடு கிடையாது, பணம் திரும்ப வரும். கவுன்டரில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம் கேட்க வேண்டும். ஒரு தடவை காலை ஆறு மணி விமானத்துக்காக மூன்று மணிக்கு எழுந்து போய், ஒன்பதரை வரை கேட்டில் உட்கார்ந்திருக்கிறோம். விதிப்படி தர வேண்டிய சிற்றுண்டியைக் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள், கேட்காத பக்கத்து வரிசைப் பாட்டிக்குக் கிடைக்கவில்லை. எங்களுடையதில் பாதியை அம்மா அவருக்குக் கொடுத்தார்.

வயசானவர்களோடு போகிறவர்கள் மேலே சொன்ன எல்லாக் கணக்கையும் ஒதுக்கிவைத்துவிட்டு உடம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். விமானத்தில் மூன்று மணி நேரம் மடக்கிய காலோடு உட்கார்ந்து எழுந்தால் பத்து நிமிடம் நொண்டுவார். ரயிலில் கீழ் பெர்த் கிடைத்தால் நீட்டிப் படுக்கலாம், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கலாம். ஆனால் மிடில் பெர்த்தோ அப்பர் பெர்த்தோ விழுந்துவிட்டால் அந்த நன்மை எல்லாம் போச்சு. கீழ் பெர்த்துக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும். அந்த ஒதுக்கீடு ஒரே டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் வேலை செய்யும். குடும்பத்தில் ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டுவிட்டு அம்மாவுக்கு அப்பர் வந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் பலர், பெரியவர்களுக்குத் தனி டிக்கெட் போட்டிருந்தால் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் வந்திருக்காது. ரயிலில் இன்னொரு கஷ்டம், ஏறுவதும் இறங்குவதும். பிளாட்பாரத்திலிருந்து படி உயரம், நடுவில் நிற்கும் ஊர் என்றால் இரண்டு நிமிடத்துக்குள் இறங்கியாக வேண்டும். விமான நிலையத்தில் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிட்டால் வாசலிலிருந்து இருக்கை வரை ஆள் தள்ளிக்கொண்டு போவார்கள், அந்த வசதிக்கு ரயில் நிலையங்கள் இன்னும் ரொம்ப தூரம் போக வேண்டும்.

மூத்த குடிமக்களுக்கு ரயிலில் இருந்த சலுகை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்தது, கொரோனா வந்தபோது 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு வருஷக்கணக்காகக் கேட்டும் திரும்ப வரவில்லை. பென்ஷன் இல்லாத ஒரு பாட்டி மகள் வீட்டுக்குப் போய் வருவதா வேண்டாமா என்று யோசிக்கிற தொகை அது. திரும்பக் கொடுக்க வேண்டும்.

சாமான் விஷயத்தில் அம்மா சொல்வதுதான் சரி. உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டியில், 7 கிலோ கையில். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிப் பணம். ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிட வாய்ப்புண்டு, கொப்பரைத் தேங்காய் பெட்டியில்கூடக் கூடாது, எண்ணெய்ப் பசை இருப்பதால் தீப்பிடிக்கும் பொருள் என்று கணக்கு. ரயிலில் ஸ்லீப்பருக்கும் தேர்ட் ஏசிக்கும் தலைக்கு 40 கிலோ, செகண்ட் ஏசிக்கு 50. போன தடவை அம்மா ரயிலில் போனபோது அவர் பெர்த்துக்கு அடியில் ஒரு சின்ன மளிகைக் கடையே இருந்தது. நாக்பூரில் மதியம் ஆரஞ்சு வாங்கி, எதிர் பெர்த்தில் இருந்த ராணுவக்காரர் குடும்பத்துக்கு முறுக்கு கொடுத்து, அவர்கள் கொடுத்த பூரியைச் சாப்பிட்டு, போபால் வருவதற்குள் அந்த வீட்டுப் பெண்ணுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் பக்குவம் சொல்லிக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு இந்தி தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது.

சுற்றுச்சூழலுக்கு ரயில் நல்லது என்பதில் சந்தேகமே இல்லை, ஒரே ஒரு வரியில் சொல்லிவிடலாம்: நம் அகல ரயில் பாதைகள் கிட்டத்தட்ட முழுக்க மின்மயமாகிவிட்டன, மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வந்தாலும் ஆள் ஒருவருக்கு ஆகும் புகை விமானத்தைவிட வெகு குறைவு. இதற்காக மட்டும் யாராவது டெல்லிக்கு 33 மணி நேரம் போகிறார்கள் என்றால் அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. மற்றவர்கள் குறைந்தபட்சம் மதுரைக்கும் கோவைக்கும் விமானம் ஏறுவதை விட்டால் போதும், அதில் நேரமும் போகப்போவதில்லை.

தமிழ்நாட்டுக்குள்ளே என்றால் உண்மையில் போட்டி ரயிலுக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குத் திடீரென்று மதுரை போக வேண்டும் என்றால் விமானமும் இல்லை, ரயிலில் இடமும் இருக்காது, கிளாம்பாக்கம் போனால் ஏதாவது ஒரு பஸ் கிடைக்கும். பண்டிகை நாளில் அவர்கள் கேட்கும் விலை விமானத்தையே தொடும், அது தனிக் கதை.

போகவும் வரவும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. அம்மாவுக்கு இந்தத் தடவை போட்டிருக்கும் திட்டம் அதுதான். போகும்போது சாமான் அதிகம், தேதி எப்போதோ தெரியும், அவசரம் இல்லை, அதனால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், செகண்ட் ஏசி, அம்மாவுக்கு மட்டும் தனி டிக்கெட், கீழ் பெர்த். தம்பி விடியற்காலை ஸ்டேஷனுக்கு வந்து பெட்டிகளை இறக்கிக்கொள்வான். திரும்பும்போது கையில் ஒரு சால்வையும் பேத்தி வரைந்த படங்களும்தான் இருக்கும், அதனால் விமானம், இப்போதே சனி, ஞாயிறு தவிர்த்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்துக்குப் பார்த்துவைத்திருக்கிறேன், சக்கர நாற்காலி கேட்டாயிற்று. பனி விலகிய பிறகு போகட்டும் என்று பிப்ரவரி 14-ஆம் தேதியைக் குறித்திருக்கிறோம். அதற்கு 60 நாள் முன்பு என்றால் டிசம்பர் 16. அன்றைக்குக் காலை 7.50-க்கு போனில் அலாரம் வைத்தாயிற்று.